நாய் காட்டிய வீடு

எங்கள் மையம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய வரிசை வீடுகள். நாங்கள் 'லைன்' என்று சொல்வோம். இங்கே தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ராத்திரி திரும்பி வந்து, முகம் கழுவிக்கொண்டு, எட்டு மணிக்குப் படிக்க உட்காருகிறார்கள். நான் பத்தாவது முடித்தவள். அவர்களோடு உட்கார்ந்து எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன வருடம் எங்கள் லைனில் ஒரு திருட்டு நடந்தது.

தையல் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள் காலை வந்து பார்த்தால் பூட்டு உடைந்து வாசலில் கிடந்தது. உள்ளே டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. சீட்டுப் பணமும் ஒரு சங்கிலியும் போய்விட்டன. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு லைனே கூடிவிட்டது.

அப்போது நாங்கள் என்ன செய்தோம்? ஆளாளுக்கு வீட்டுக்குள் போனோம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தோம். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது போனது. லோடு ஏற்றும் தம்பி ஒருவன் கடைசியாக அதை வாங்கிப் பார்த்தான். "இது கம்பி விட்டு நெம்பினது அக்கா" என்று சொன்னான். பூட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். நானும்தான் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மறைக்க மாட்டேன்.

மத்தியானம் போலீஸ் வந்தது. மோப்ப நாயும் வந்தது. நல்ல வெயில். நாய் பூட்டை முகர்ந்தது. வாசலைச் சுற்றியது. குழாயடி வரை போய்த் திரும்பியது. பிறகு நேராக லைன் கடைசிக்குப் போய், அந்தத் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது.

"நாயே காட்டிடுச்சு!" என்றது கூட்டம்.

தம்பியை விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். சாயந்தரமே விட்டுவிட்டார்கள். அவன் அன்று ராத்திரி வேலையில் இருந்ததற்கு நாலு பேர் சாட்சி இருந்தார்கள். போலீஸ் விட்டுவிட்டது. லைன் விடவில்லை. குழாயடியில் பேச்சு நின்றுபோகும். லாரிக்கு ஆள் கூப்பிடும் ஒப்பந்தக்காரர் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவன் அம்மா எங்கள் மையத்தில் படித்தவர். தன் பெயரை எழுதப் பழகி, அப்போதுதான் பேருந்துப் பலகை படிக்க ஆரம்பித்திருந்தார். அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து லைனில் ஒரு பெரியவர் இருக்கிறார். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாயை நடத்திக்கொண்டு போகிறவரை 'ஹேண்ட்லர்' என்பார்கள். அவர் அந்த வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் பெரியப்பா. ஒருநாள் மையத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார்.

வந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "பெரியப்பா, நாய் பொய் சொல்லுமா?"

"சொல்லாதும்மா" என்றார் அவர். "ஆனா நாம என்ன கேட்டோம்னு அதுக்குத் தெரியணுமே."

யாருக்கும் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

வாசனை என்பது என்ன?

பெரியப்பா முதலில் ஒரு விளையாட்டு வைத்தார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் மூலையில் ஒளித்தார். ஒரு அக்காவின் கண்ணைக் கட்டி, "மூக்கை வைத்துக் கண்டுபிடி" என்றார். அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி முகர்ந்தார். மெல்ல நகர்ந்து மூலைக்குப் போய்விட்டார். எல்லோரும் கை தட்டினோம். பிறகு மின்விசிறியைப் போட்டார். ஊதுபத்தியை வேறு இடத்தில் வைத்தார். இப்போது அக்கா எதிர்ச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா? மூக்கு அதேதான். காத்துதான் மாறிச்சு" என்றார் பெரியப்பா.

வாசனை என்றால் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்கள். அவை பொருளிலிருந்து கிளம்பிக் காற்றில் கலக்கின்றன. மூக்குக்குள் போய்ப் படிந்தால் வாசனை தெரிகிறது. ஊதுபத்தியிலிருந்து வருவது போலவே நம் உடம்பிலிருந்தும் வருகிறது. நம் தோலிலிருந்து செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. தலையில் பொடுகு உதிர்வது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. தோலில் வாழும் நுண்கிருமிகள் வியர்வையையும் இந்தச் செதில்களையும் தின்கின்றன. அதிலிருந்து ஒரு மணம் உண்டாகிறது. அது ஆளுக்கு ஆள் வேறு. நாம் நடக்கும்போது இந்தத் துகள்கள் பின்னால் உதிர்ந்துகொண்டே வரும். ஓட்டை மூட்டையிலிருந்து அரிசி சிந்துகிற மாதிரி.

இரட்டைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நாம் குழம்புவோம். நாய் குழம்புமா? செக் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர், ஒரே வீட்டில் வளர்பவர்கள், ஒரே சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். அவர்களின் வாசனையைக்கூடப் பயிற்சி பெற்ற போலீஸ் நாய்கள் பிரித்துக் காட்டின. இந்த ஆய்வு 2011-ல் வெளியானது.

நாயின் மூக்கு

நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம். நாய்க்கு 12 கோடிக்கும் மேல். சில இனங்களுக்கு 30 கோடி வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு எத்தனை சைபர், ஒரு கோடிக்கு எத்தனை சைபர் என்று பலகையில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் புரியும்.

மோப்பம் பிடிக்கும்போது நாய் ஒரு நொடிக்கு ஐந்து தடவை போல முகரும். அதன் மூக்கின் இரண்டு பக்கமும் கீறல் மாதிரி ஒரு பிளவு இருக்கிறது. தெருநாயைப் பார்த்தாலே தெரியும். வெளியே விடும் மூச்சு அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் போய்விடும். முன்னால் இருக்கும் வாசனையைக் கலைக்காது. நாம் அப்படி இல்லை. முகர்ந்த இடத்திலேயே திரும்ப மூச்சை விடுகிறோம்.

"திருடன் எந்தப் பக்கம் போனான்னு நாய்க்கு எப்படித் தெரியும்? காலடி ரெண்டு பக்கமும்தானே இருக்கும்?" என்று கேட்டார் காய்கறிக்கார அண்ணன். நல்ல கேள்வி.

பெரியப்பா தரையில் ஐந்து பாக்குகளை வரிசையாக வைத்தார். "இது ஐந்து காலடி. முதல் காலடி கொஞ்சம் பழசு. ஐந்தாவது கொஞ்சம் புதுசு. புதுசில் வாசனை கூடுதல். நடுவில் சில நொடிதான் வித்தியாசம். அது நாய்க்குப் போதும்." இதையும் சோதித்திருக்கிறார்கள். ஐந்து காலடி இருந்தால் ஆள் போன திசையை நாய் கண்டுபிடித்துவிடும். அதைவிடக் குறைந்தால் தடுமாறும்.

எல்லா நாயும் ஒரே வேலை செய்வதில்லை. சில நாய்கள் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒரே ஆளின் தடத்தைத் தொடரும். எங்கள் லைனுக்கு வந்தது அந்த வகை. சில நாய்கள் தலையைத் தூக்கிக்கொண்டு காற்றில் தேடும். காற்று வரும் பக்கம் பார்த்துக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். வாசனை கூடுகிற பக்கமாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் அது கிளம்பும் இடத்துக்கே போய்விடும். ஊதுபத்தி தேடிய அக்கா செய்ததும் இதுதான். இன்னும் சில நாய்களுக்கு வெடிமருந்து, கஞ்சா, புலித்தோல் என்று குறிப்பிட்ட பொருளின் வாசனையை மட்டும் பழக்குவார்கள்.

பழக்குவது எப்படி? அடித்து அல்ல. பந்து கொடுத்து. சரியான வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், விளையாட்டு கிடைக்கும். நாய்க்கு அது வேலையே இல்லை, விளையாட்டுதான். குவாலியருக்குப் பக்கத்தில் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை ஒரு தேசிய நாய்ப் பயிற்சி மையம் நடத்துகிறது. மீரட்டில் ராணுவத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. நாயும் ஹேண்ட்லரும் பல மாதம் சேர்ந்தே பழகுவார்கள். "வீட்டுக்காரியைவிட அதோடதான் அதிக நாள் இருந்தேன்" என்றார் பெரியப்பா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மண்ணுக்கு அடியில்

2023 பிப்ரவரியில் துருக்கியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. நம் நாட்டின் தேசியப் பேரிடர் மீட்புப் படை அங்கே போனது. நாய்களையும் கூட்டிப் போனார்கள். ஓர் இடத்தில் ஜூலி என்ற நாய் இடிபாட்டின் மேல் நின்று குரைத்தது. உடனே தோண்டவில்லை. ரோமியோ என்ற இன்னொரு நாயைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் அதே இடத்தில் குரைத்தது. பிறகு தோண்டினார்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை உயிரோடு இருந்தாள். முதல் நாய் சொன்னதை இரண்டாவது நாயை வைத்துச் சரி பார்த்தார்கள். இதை மனதில் வையுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

2024 ஜூலை 30-ல் கேரளாவில் வயநாட்டு மலை சரிந்தது. அங்கே மாயா, மர்பி என்ற போலீஸ் நாய்கள் சேற்றுக்கு அடியில் இருந்த உடல்களைத் தேடின. இறந்தவர்களைத் தேடுவதற்கென்றே பழக்கிய நாய்கள் அவை. உடல் கிடைத்தால்தானே வீட்டார் காரியம் செய்ய முடியும்?

பயிற்சியே இல்லாத ஒரு நாயின் கதையும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் புதைந்தன. 70 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள். நம்மைப் போல லைனில் இருந்தவர்கள். அங்கே குவி என்ற வீட்டு நாய் இருந்தது. அது ஒரு சின்னக் குழந்தையோடு விளையாடிய நாய். பல நாளாக ஆற்றோரமே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு இடத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றது. தேடுகிறவர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்தக் குழந்தையின் உடல் அங்கே சிக்கியிருந்தது.

இதைச் சொன்னபோது மையத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பூட்டில் யார் வாசனை?

தையல் அக்காதான் முதலில் பேசினார். "இவ்வளவு சரியா கண்டுபிடிக்குதே. அப்போ அந்தப் பையன் வீட்டில் போய் ஏன் உட்கார்ந்தது?" அவர் குரலில் கோபம் இருந்தது. பணம் போனவர் அவர். கோபம் இருக்கத்தான் செய்யும்.

பெரியப்பா திருப்பிக் கேட்டார். "நாய் எதை மோந்துச்சு?"

"பூட்டை."

"அதைக் கடைசியா யார் தொட்டது?"

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

பூட்டில் திருடனின் வாசனை இருந்திருக்கும். அதன் மேல் தையல் அக்காவின் வாசனை. அதன் மேல் எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரின் வாசனை. எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக, அந்தத் தம்பியின் வாசனை. நாய்க்குப் பூட்டைக் காட்டி 'தேடு' என்றார்கள். திருடனைத் தேடு என்று நாயிடம் சொல்ல முடியாது. இந்த வாசனைக்காரன் எங்கே என்றுதான் அதற்குப் புரியும். அது புதிய வாசனையைப் பிடித்தது. அவன் நடந்து வீட்டுக்குப் போன தடம் இருந்தது. போய் உட்கார்ந்தது. நாய் அதன் வேலையைச் சரியாகச் செய்தது.

நேரமும் கெட்டது. உச்சி வெயிலில் சூடான சிமெண்டுத் தரையில் பழைய வாசனை சீக்கிரம் போய்விடும். ஈரமும் நிழலும் இருந்தால் வாசனை தங்கும். விடியற்காலையில் புல் மேல் தேடுவது சுலபம். வெயிலில் நாய்க்கும் இளைக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது அதனால் சரியாக முகர முடியாது.

"இன்னொன்றும் இருக்கும்மா" என்றார் பெரியப்பா. குரலைத் தாழ்த்தினார். "ஹேண்ட்லர் மனசும் கயிறு வழியா நாய்க்குப் போகும். இந்த வீடாத்தான் இருக்கும்னு நான் நினைச்சா, என் நடை அங்கே கொஞ்சம் நிற்கும். நாய் என் முகத்தைப் பார்க்கும். உட்காரணும் போலிருக்குன்னு உட்கார்ந்துடும்."

இது அவர் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 18 நாய்களையும் அவற்றின் ஹேண்ட்லர்களையும் வைத்து ஒரு சோதனை நடந்தது. அதுவும் 2011-ல் வெளியானது. சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, அங்கே பொருள் ஒளித்திருக்கிறது என்று ஹேண்ட்லர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எங்குமே எதுவும் ஒளிக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலான நாய்கள் கண்டுபிடித்துவிட்டதாக ஹேண்ட்லர்கள் சொன்னார்கள். காகிதம் ஒட்டிய இடங்களில்தான் அது அதிகம்.

கோர்ட் என்ன சொல்கிறது?

1993-ல் டில்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியது. நாய் ஒருவரைக் காட்டுவது தவறான சந்தேகத்திலும் கொண்டுபோய் விடலாம் என்றது. அந்த வழக்கில் நாய் காட்டிய மனிதர் விடுதலை ஆனார்.

2001-ல் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றிலும் அதே நீதிமன்றம் விளக்கமாகச் சொன்னது. நாயும் தவறு செய்யலாம். அதை நடத்துகிறவரும் தவறு செய்யலாம். நாய் எதற்காக உட்கார்ந்தது என்பதை நாம் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். ஆகவே போலீஸ் துப்புத் துலக்க நாயைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லும்போது அதை நம்பியிருக்க முடியாது. நாய் காட்டிய பிறகு வேறு சாட்சி தேட வேண்டும். திருட்டுப் பொருள் கிடைத்ததா, கைரேகை இருக்கிறதா, பார்த்தவர் உண்டா என்று கேட்க வேண்டும். துருக்கியில் இரண்டாவது நாயைக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கேகூட ஒரு நாய் சொன்னதோடு நிற்கவில்லை.

இன்னொரு சட்டமும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். யாரையாவது கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது நம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

"அப்போ நாங்க என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டேன்.

பெரியப்பா கோபமாகவே சொன்னார். "கதவைச் சாத்திட்டு வெளியே நின்றிருக்கணும். வேறென்ன?" பூட்டைத் தொடக் கூடாது. வேறு வழியில்லாமல் எடுக்க வேண்டியிருந்தால் சுத்தமான துணியோ பிளாஸ்டிக் பையோ போட்டு ஒருவர் மட்டும் எடுக்க வேண்டும். யார் யார் உள்ளே போனார்கள், எதைத் தொட்டார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துப் போலீஸிடம் கொடுக்க வேண்டும். "எழுதத்தான் கத்துக்கிட்டீங்களே!" என்றார். அந்தப் பேர்கள் தெரிந்தால் ஹேண்ட்லர் முதலில் அவர்களைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார். குழந்தையோ வயசானவரோ காணாமல் போனாலும் இப்படித்தான். அவர்கள் கடைசியாகப் போட்டிருந்த துணியைத் துவைத்துவிடாமல், மற்றவர்கள் தொடாமல், தனிப் பையில் எடுத்து வைக்க வேண்டும். போர்வை வேண்டாம். போர்வையில் மூன்று பேர் படுத்திருப்பார்கள்.

கூட்டம் கலைந்தது. தையல் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, லைன் கடைசிக்கு நடந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கூடப் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தம்பியின் அம்மா மையத்துக்கு வந்தார். பின்னால் உட்கார்ந்தார். பாடம் முடிந்ததும் நோட்டை நீட்டினார். "அந்தக் கோர்ட் சொன்னதை எழுதிக் கொடு கண்ணு" என்றார். "நீங்களே எழுதுங்கம்மா, நான் சொல்றேன்" என்றேன். 'உச்ச நீதிமன்றம்' என்று எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது. 'ச்ச'வில் புள்ளி விட்டுப்போனது. அதையும் வைத்தார். கீழே 2001 என்று எழுதினார். தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் அதை ஒப்பந்தக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, "யோசிக்கிறேன்" என்றாராம். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். தம்பி இப்போது ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். திருடன் அகப்படவில்லை.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊருக்கு மோப்ப நாய் வந்ததுண்டா? அப்போது கூட்டம் எங்கே நின்றது? நாய் வரும் முன்னே வீட்டுக்குள் யார் யார் போனார்கள்? யாராவது ஒருவர் மேல் சந்தேகம் வந்து, பிறகு அது தவறு என்று தெரிந்ததுண்டா? அவரிடம் யாராவது போய்ப் பேசினார்களா?

எழுதிப் பாருங்கள்

பக்கத்து வீட்டில் திருட்டு நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனவர்களின் பெயர், போன நேரம், தொட்ட பொருள், இந்த மூன்றையும் கட்டம் போட்டு எழுதுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்து.